சுவரைத் தாண்டிய குழாய்

என் தொழில் படம் வரைவது. படம் என்றதும் மயிலும் கோபுரமும் என்று நினைத்துவிட வேண்டாம், குழாய். ஒரு கட்டடத்துக்குள் எந்தக் குழாய் எங்கே தொடங்கி, எங்கே வளைந்து, எங்கே போய் முடிய வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பேன். பரமக்குடியில் டிப்ளமோ முடித்துச் சென்னைக்கு வந்தவள், ஆஸ்பத்திரிக்கும் ஜவுளிக்கடைக்கும் ஏசி குழாய் வரைந்தே பதினைந்து வருஷத்தை ஓட்டிவிட்டேன். சொந்த ஊர் திருவாடானைப் பக்கம், வானம் பார்த்த பூமி. அதனாலோ என்னவோ, தண்ணீரை வீணாக்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அலுவலகத்தில் குழாயைச் சரியாக மூடாமல் போகிறவர்களை வாய்க்கு வந்தபடி பேசிப் பேசி ஒரு பட்டப்பெயரே வாங்கியிருக்கிறேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

எங்கள் ஜில்லாவிலேயே ஒரு டேட்டா சென்டர் வரப்போகிறது, படம் நம் அலுவலகத்தில்தான் என்று மேனேஜர் ஒருநாள் சொன்னார். "உங்க பொட்டக்காட்டுல எதுக்கும்மா டேட்டா சென்டர்?" என்று சிரிக்கவும் செய்தார்.

"எங்க பொட்டக்காட்டுல வெயில் இருக்கு சார். உங்க ஊர்ல என்ன இருக்கு, டிராஃபிக்தானே?" என்றேன்.

கோபத்தில் சொன்னாலும் விஷயம் அதுதான். கமுதிப் பக்கம் போனால் மிளகாய்க் காடு முடிகிற இடத்தில் சூரியத்தகடுகள் தொடங்கிவிடுகின்றன. மின்சாரம் விளைகிற ஜில்லாவிலேயே அதைத் தின்கிற கட்டடத்தையும் கட்டிவிட்டால் என்ன என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். ராமநாதபுரத்திலிருந்து திருவாடானை போகிற வழியில், சீமைக்கருவேலங்காட்டை வெட்டி இடம் வாங்கியிருந்தார்கள்.

டேட்டா சென்டர் என்றால் என்ன என்று அம்மா கேட்டாள். "நீ போன்ல பாக்குற வீடியோ எல்லாம் போனுக்குள்ள இல்லம்மா. எங்கயோ பீரோ பீரோவா கம்ப்யூட்டரை அடுக்கி வச்சிருப்பாங்க, அதுக்குள்ள இருக்கு. அந்த பீரோக்கள் நிக்கிற வீடு" என்றேன். அந்த பீரோக்கள் எந்நேரமும் சூடாகும். சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டாவிட்டால் கருகிவிடும். அதற்குத்தான் என் குழாய்கள்.

முதல் படத்தைப் பழைய பாணியில் வரைந்தேன். தரைக்கு மேல் இன்னொரு தரை, நடுவே முழங்கால் உயரத்துக்கு இடைவெளி. அந்த இடைவெளியில் குளிர்ந்த காற்றை ஊதினால், ஓட்டைத் தட்டுகள் வழியாக மேலே ஏறி, பீரோவின் முகத்தில் நுழைந்து முதுகு வழியாகச் சூடாக வெளியே வரும். ஏசி ஓடினால் தண்ணீர் சொட்டும். கடற்கரை ஈரக்காற்றில் சொட்டுகிற தண்ணீர் கொஞ்சநஞ்சமில்லை. கூரையோ பெரிய கூரை; மழை பெய்தால் அதன் தண்ணீர் வேறு. வழக்கமாக இதையெல்லாம் சாலையோரச் சாக்கடையில் விட்டுவிடுவோம். இந்தப் படத்தில் அப்படிப் போட எனக்குக் கை வரவில்லை.

இடத்தைப் பார்க்கப் போன அன்று பின்பக்கமாக நடந்து போனேன். சுவர் வரப்போகிற எல்லையை ஒட்டி ஒரு வரத்துக்கால் ஓடியது. மழைத்தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு போய் ஊருணியில் விடுகிற மண் வாய்க்கால் அது. அதன் கூடவே ஒரு மைல் நடந்தால் ஊருணி. கரையில் கால் வைத்திருப்பேன்.

"ஏத்தா! செருப்பக் கழட்டு!"

சத்தம் போட்டவர் என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அக்கா. அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு வாரம் ஊருணிக் காவல். அந்த வாரம் அவர் முறை. கரையில் செருப்பு கூடாது, தண்ணீரில் கால் கூடாது, குடத்தைத் தவிர வேறு எதுவும் உள்ளே இறங்கக் கூடாது. குடிக்கிற தண்ணீர் அது ஒன்றுதான். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். என் ஊர்ப்பேச்சைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"அங்கன ஏதோ கம்ப்யூட்டர் கட்டடம் வருதாமுல்ல? தண்ணியாக் குடிக்குமாமுல்ல?"

"உங்க தண்ணில ஒரு சொட்டு எடுக்க மாட்டாங்கக்கா."

"எடுக்க வேணாம். அந்தக் காட்டுல விழுகுற மழைதான் எங்களுக்கு வருது. காட்டையே மூடிக் கட்டிப்புட்டா மழை எங்கன போகும்? அதச் சொல்லு."

இதை எந்தப் பொறியாளரும் கேட்கவில்லை. எனக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துப்போனது. கூரைத் தண்ணீர், ஏசித் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே குழாயில் சேர்த்து, சுவருக்கு அடியில் துளைத்து, நேராக இந்த வரத்துக்காலில் விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நம்பர் வாங்கிக்கொண்டார். அடுத்த வாரமே வரைந்துவிட்டேன். பதினைந்து வருஷத்தில் நான் வரைந்த கோடுகளில் எனக்குப் பெருமையான கோடு அது.

ஏழு மாதம் கழித்து, அஸ்திவாரம் மட்டும் முடிந்திருந்த நேரத்தில், மேனேஜர் என் மேசைக்கு வந்தார். "எல்லாத்தையும் நிறுத்தும்மா. சாதா பீரோ இல்லையாம். ஏஐ பீரோவாம். முதல்லேருந்து வரையணும்."

"ஏழு மாசம் சார்! விளையாடுறீங்களா?" என்று கத்தினேன். மத்தியானத்துக்கு மேல் அந்த ஏஐ பீரோவின் விவரங்களைத் திறந்து படித்தேன். கோபம் போன இடம் தெரியவில்லை.

பழைய பீரோ இரண்டு மூன்று வீட்டுக்கான மின்சாரத்தை எடுக்கும் என்றால், இது ஒரு தெருவுக்கான மின்சாரத்தை ஒண்டியாக உறிஞ்சும். உறிஞ்சியது அத்தனையும் சூடாக வெளியே வரும். காற்றை எவ்வளவு ஊதினாலும் அந்தச் சூட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. எடையும் அதே மாதிரி. என் ஓட்டைத் தட்டுத் தரை நசுங்கிவிடும். ஆகவே அந்தத் தரையே வேண்டாம், கெட்டி கான்கிரீட் போதும். குழாய்கள் தலைக்கு மேலே வரும். ஒவ்வொரு சிப்பின் உச்சியிலும் ஒரு செப்புத் தகடு உட்காரும். அதற்குள் தண்ணீர் ஓடும். அறையைக் குளிர்விக்கிற வேலையை விட்டுவிட்டு, சூடு பிறக்கிற இடத்திலேயே போய்ப் பிடித்துவிடுகிறார்கள். அட, இது ஏன் இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லை என்று இருந்தது. விசாரித்தால் எப்போதோ தோன்றியிருக்கிறது. தேவை இப்போதுதான் வந்திருக்கிறது.

என்னை மலைக்க வைத்தது வேறு. உள்ளே போகிற தண்ணீர் ஜில்லென்று இருக்க வேண்டியதில்லையாம். சித்திரை மத்தியானத்தில் எங்கள் வீட்டு மாடித் தொட்டித் தண்ணீர் எந்தச் சூட்டில் வருமோ, ஏறக்குறைய அந்தச் சூட்டில் இருந்தால் போதும். இயந்திரம் விற்கிற கம்பெனிப் பொறியாளர் வீடியோ காலில் இதைச் சொன்னபோது, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மாற்றிச் சொல்கிறார் என்று நினைத்து மூன்று தடவை கேட்டேன். சிப் அதைவிட எவ்வளவோ சூடு, அதனால் வெதுவெதுப்பான தண்ணீரே அதற்குக் குளிர்ச்சிதான் என்றார். வெளியே வருகிற தண்ணீர் இன்னும் சூடாக இருப்பதால், எங்கள் ஊர் வெயிலிலேயே காற்றாடி வைத்து ஆற்றிவிடலாம். ஆவியாகி வீணாவது கிடையாது. ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். துரு பிடிக்காமல், பாசி பிடிக்காமல் இருக்க அதில் மருந்து கலந்திருப்பார்கள், அவ்வளவுதான். அன்று நான் சாப்பிடப் போகவே இல்லை. தண்ணீர் குடிக்காத இயந்திரத்தை எங்கள் ஜில்லாவுக்குக் கொண்டுபோகிறேன் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஏஐக்காகக் கட்டடத்தை மாற்றி வரைய, எங்கள் மேசைக்கும் ஏஐ வந்தது. புது மென்பொருள். எங்கிருந்து எங்கே என்று சொன்னால் போதும், குழாயை அதுவே போட்டுவிடும். எதிலும் இடிக்கவில்லை என்றால் பச்சை காட்டும். முதல் நாள் ஒரு பெரிய குழாயைக் கழிப்பறை ஜன்னல் வழியாகக் கொண்டுபோய் என்னிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டது. போகப் போகப் பழகிவிட்டது. அதற்கு நானா, எனக்கு அதுவா என்று சொல்லத் தெரியவில்லை.

ஒருநாள் பம்பு அறையின் தரை வடிகாலை எங்கே சேர்ப்பது என்று கேட்டது. பக்கத்திலேயே "மழைநீர்" என்று ஒரு குழாய் போகிறது, அதில் சேர்க்கலாம் என்று அதுவே காட்டியது. குறுக்கு வழி. எதிலும் இடிக்கவில்லை. பச்சை. நான் "சரி"யை அழுத்தினேன். அன்றைக்கு மட்டும் நாற்பது "சரி" அழுத்தியிருப்பேன்.

எங்கள் படம் காம்பவுண்டுச் சுவரோடு முடிந்துவிடும். சுவருக்கு அப்பால் அந்தக் குழாய் எங்கே போகிறது என்பது அந்த மென்பொருளுக்குத் தெரியாது. மேனேஜருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆவணி மாதம் குழாய்களைக் கழுவுகிற வேலை தொடங்கியது. பற்றவைத்து முடித்த புதுக்குழாய்க்குள் எண்ணெய்ப் பிசுக்கும் இரும்புத் தூளும் இருக்கும். மருந்து கலந்த தண்ணீரை உள்ளே விட்டுச் சுற்றி, அழுக்கை எல்லாம் வெளியேற்றிய பிறகுதான் நல்ல தண்ணீரை நிரப்புவார்கள். அங்கே வெல்டர்களுக்குத் தலைவராக இருந்தவர் மண்டபம் முகாமில் வளர்ந்தவர். கைக்குழந்தையாக இலங்கையிலிருந்து படகில் வந்து சேர்ந்தவர். இன்றைக்கும் கணக்கெடுப்பு நாளில் முகாமுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருவார். அவர் வைக்கிற ஒட்டு ஒன்றுகூடக் கசிந்ததில்லை. நான் அண்ணே என்பேன், அவர் தங்கச்சி என்பார். "முதல் கழுவலைப் பார்க்க வாறியோ?" என்று கூப்பிட்டிருந்தார். ஆசையை அடக்க முடியாமல் லீவு போட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

ராமநாதபுரத்தில் இறங்கி, டீ குடித்து, பஸ்ஸில் உட்கார்ந்து முக்கால் வழி வந்திருப்பேன். ஊருணிக்கரை அக்காவிடமிருந்து போன்.

"ஏத்தா, எங்கன இருக்க?"

"உங்க ஊருக்குத்தான் பஸ்ல வாரேன்க்கா."

"தண்ணி வருதுத்தா! நீ சொன்னேல்ல, அதேதான்! ஒரு தூத்தல் இல்ல, மேகம் இல்ல, கால்ல தண்ணி ஓடியாருது! பொம்பளைக எல்லாம் கரையிலதான் நிக்கிறோம். நொரையும் பூவுமா வருதுத்தா, புதுத்தண்ணில்ல!"

வறண்ட வாய்க்காலில் முதல் மழைத்தண்ணீர் வரும்போது நுரைத்துக்கொண்டுதான் வரும். எங்கள் பக்கம் அதைப் புதுத்தண்ணீர் என்போம். நுரையைப் பார்த்ததும் கும்பிடுவோம். ஆனால் இது மழை இல்லையே. குழாய் கழுவிய தண்ணீர். பம்பு அறை. தரை வடிகால். பச்சை.

"அக்கா, அடைங்க! மண்ண அள்ளிப் போட்டு அடைங்க! அது ஊருணிக்குள்ள விழுகக் கூடாது!"

"என்னது?"

"மருந்துத் தண்ணிக்கா! அடைங்க!"

"வாயக் கழுவுத்தா. வர்ற தண்ணிய எவளாச்சும் அடைப்பாளா?" லைன் அறுந்துவிட்டது. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. லைன் அறுகிறபோது பின்னால் குலவைச் சத்தம் கேட்டது எனக்கு நிச்சயம்.

வெல்டர் அண்ணனுக்கு அடித்தேன். "அண்ணே, வடிகால் வால்வைத் தொறந்துட்டீங்களா?"

"ஓம் தங்கச்சி, விடியவே திறந்திட்டம். ஏன்?"

"மூடுங்க. அது ஊருணிக்குப் போகுதுண்ணே. குடிக்கிற தண்ணிக்கு."

அவர் ஓடுகிற சத்தம் கேட்டது. வால்வை மூடினாலும், ஏற்கெனவே சுவரைத் தாண்டிய தண்ணீர் நிற்காது. டிரைவரிடம் கெஞ்சி நிறுத்தமில்லாத இடத்தில் இறங்கி, கருவேலமுள் கிழிக்கக் கிழிக்கக் குறுக்காக ஓடினேன்.

ஊருணியின் வாயில் பத்துப் பதினைந்து பெண்கள். ஒருவர் கையில் சூடத் தட்டு. வாய்க்காலில் தண்ணீர் நிதானமாக வந்துகொண்டிருந்தது. வறண்ட மண் குடித்துக் குடித்து அதைத் தாமதப்படுத்தியிருந்தது. படித்துறைக்கும் அதற்கும் நடுவே முப்பது முழம் இருந்தால் அதிகம். நான் செருப்போடு வாய்க்காலுக்குள் குதித்தேன்.

"ஏ, செருப்பு! செருப்பு!" என்று எல்லாரும் கத்தினார்கள். நான் கையால் மண்ணை வாரி வாரிப் போட்டேன். போட்ட மண்ணைத் தண்ணீர் கரைத்தது. அக்கா இறங்கி வந்து என் தோளைப் பிடித்து இழுத்தார். "பைத்தியம் பிடிச்சிருச்சா உனக்கு?"

"மோந்து பாருங்கக்கா!"

அவர் குனிந்து நுரையை அள்ளி முகர்ந்தார். சோப்பும் எண்ணெயும் கலந்த வாடை. அவர் முகம் மாறியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அடுத்த நொடி முந்தானையைச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் மண்ணை வாரினார். பிறகு எல்லாப் பெண்களும் இறங்கினார்கள். வெல்டர் அண்ணன் பைக்கில் இரண்டு மண்வெட்டியும் மணல் மூட்டைகளும் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். தண்ணீர் நின்றது. ஒரு சொட்டுகூட ஊருணியில் விழவில்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அக்கா கையைக்கூடக் கழுவாமல் கேட்டார்: "அப்ப நீ எங்களுக்கு அனுப்புறேன்னு சொன்னது இதத்தானாத்தா?" நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மேனேஜரிடம் அன்றைக்கே போனில் சொன்னேன். "டூல் தப்பா ரூட் பண்ணிடுச்சா?" என்று கேட்டார். நல்ல மனுஷன், தப்பிக்க வழி காட்டுகிறார்.

"அது மழைநீர்க் குழாயக் காட்டுச்சு சார். அது ஊருணிக்குப் போகுதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். சரின்னு அழுத்துனது நான்தான்."

கொஞ்ச நேரம் கத்தினார். அப்புறம் வேலையைப் பார்த்தார். நனைந்த மண்ணைச் சுரண்டி லாரியில் ஏற்றினார்கள். பம்பு அறைக்குத் தனித் தொட்டி வந்தது. அதிலிருந்து எந்தக் குழாயும் வெளியே போகாது. இந்தத் தடவை நான் படத்தைச் சுவரோடு நிறுத்தவில்லை. வரத்துக்காலையும் ஊருணியையும் சேர்த்து வரைந்தேன். "இது நம்ம ஸ்கோப் இல்லையேம்மா" என்றார் மேனேஜர். "இருக்கட்டும் சார்" என்றேன்.

ஆனால் ஊர்க்காரர்கள் வாய்க்காலின் குறுக்கே நெஞ்சுயரத்துக்கு மண்கரை போட்டுவிட்டார்கள். ஊருணிக்கு அது ஒன்றுதான் வரத்து. கரை அப்படியே இருந்தால் ஐப்பசி மழை அத்தனையும் வெளியே நிற்கும். பங்குனிக்கு முன்னால் ஊருணி வற்றிவிடும். வருஷம் முழுக்க லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்க வேண்டியதுதான். அது அவர்களுக்கும் தெரியும்.

ஐப்பசி பிறந்தது. மழையும் பெய்தது. நான்கு நாள் விடாமல். அக்காவுக்கு அடித்தேன். "இப்ப வர்றது கூரைத் தண்ணி மட்டும்தான்க்கா. பரிசோதனை பண்ணிப் பேப்பரும் வாங்கிட்டேன்."

"காயிதத்தையாத்தா குடிக்கப் போறோம்? நீ வா. மொதல்ல நீ குடி."

போனேன். செருப்பை ரோட்டிலேயே கழற்றிவிட்டேன். மண்கரைக்கு அந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீர் தெளிந்து நின்றது. ஊரே வந்திருந்தது. அக்கா சொம்பு வாயில் துணியைக் கட்டி மொண்டு, டம்ளரில் ஊற்றி நீட்டினார். ஆய்வுக்கூடத்துப் பேப்பர் என் பையில்தான் இருந்தது. வரைந்தவள் நான். ஆனாலும் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது அன்று ஒருநாளில் அழுத்திய நாற்பது "சரி"யும் ஞாபகத்துக்கு வந்தது. கண்ணை மூடாமல் குடித்தேன். லேசாகப் புதுச் சிமெண்டு வாசம்.

பின்னாலிருந்து வெல்டர் அண்ணன் வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. "வால்வைத் திறந்தது என்ர கை. எனக்கும் ஒரு டம்ளர் தாங்கோ."

அவரும் குடித்தார். வெட்டலாமா என்பதுபோல் நான் மண்கரையைப் பார்த்தேன். அக்கா அசையவில்லை. "இப்பத் தெரியாதுத்தா. ரெண்டு பேரும் இங்கனயே தங்குங்க. காலைல பாப்போம்."

அவர் வீட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். தூங்கி எழுந்து வாசலுக்கு வந்தால், ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி நிற்கிறார்.

"வயித்தால போச்சா?"

"இல்லக்கா."

"கொமட்டுதா?"

"இல்லக்கா. பசிக்குது."

அடுத்து அண்ணனைப் பார்த்தார். "சுகமாத்தான் இருக்கிறன்" என்றார் அவர். அக்கா உள்ளே போய் மம்பட்டியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "நீயே வெட்டு."

வாய்க்காலுக்குள் இறங்கி வெட்டினேன். நான்காவது வெட்டில் கரை உடைந்தது. தண்ணீர் என் முழங்காலை இடித்துக்கொண்டு ஊருணிப் பக்கம் ஓடியது, நுரையோடு. யாரும் குலவை போடவில்லை. யாரும் கும்பிடவில்லை. அத்தனை பேரும் அந்த நுரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கா குனிந்து ஒரு கை அள்ளினார். முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார்.

"மழைதான்" என்றார்.